லத்தீன் தசைகளும் ரெட்டைப் பிள்ளை பெற்ற காலும்

பிசியோதெரபி கிளினிக்குக்கு யாரும் நிமிர்ந்து நடந்து வருவதில்லை. குனிந்தபடி வருவார்கள், ஒரு பக்கம் சாய்ந்தபடி வருவார்கள், கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல் மொத்த உடம்பையும் திருப்பி நின்றுகொண்டு "டாக்டரம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே ஒரு கை தோள்பட்டைக்குப் போயிருக்கும். பரவாயில்லை, தடவிக்கொண்டே படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் வேலை பார்ப்பது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் உள்ள ஒரு சின்ன கிளினிக்கில். பிறந்தது விக்கிரமங்கலம் பக்கம். அங்கே அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, கல்யாணமாகி, ஒரே பிரசவத்தில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் பிறந்து, அதுகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இங்கே வந்து சேர்ந்தேன். வாசலை ஒட்டிய நாற்காலி என்னுடையது. பேர் எழுதுவது, ஒத்தடப் பையைச் சூடாக்குவது, கட்டில் விரிப்பை மாற்றுவது என் வேலை. நோயாளியைத் தொட அனுமதி கிடையாது. எனக்கோ அந்த நாற்காலியை விட்டு எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. கையைத் தூக்க முடியாமல் வந்தவர், போகும்போது அதே கையால் டாட்டா காட்டுவதைத் தினமும் பார்த்தால் உங்களுக்கும் அந்த ஆசை வரும்.

கிளினிக்கை நடத்துகிற நித்யா மேடம் திருச்சியில் படித்தவர், என் வயதுதான். ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பொங்கல் வரைக்கும் டைம் தரேன் மலர். உடம்புல நான் எங்க கை வெச்சுக் கேட்டாலும் அங்க இருக்கிற தசையோட பேரும் வேலையும் சொல்லணும். சொல்லிட்டா உங்களையே அசிஸ்டென்ட்டா பழக்கிடறேன். இல்லைன்னா படிச்ச பொண்ணா ஒருத்தரை எடுத்துத்தான் ஆகணும். அரியலூர்லயும் ஆரம்பிச்சுட்டேன், ஒண்டியா முடியல. ஆனா இந்தச் சின்ன இடத்துல ரெண்டு பேரை வெச்சுக்க முடியாது" என்றார். கட்டில் கிடைக்காவிட்டால் நாற்காலியும் போய்விடும் என்பது எனக்குப் படியிறங்கும்போதுதான் உறைத்தது.

மாடிப்படி

எங்கள் கிளினிக் மாடியில் இருக்கிறது. கீழே பேக்கரி. முட்டி வலிக்காரர்கள் செங்குத்தான படியைப் பார்த்ததும் பேக்கரியிலேயே உட்கார்ந்து ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிப் போனதும் உண்டு. வாடகைக்கு வேறு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனாலும் யாராவது கேட்டால் நான் படித்த முதல் பாடத்தை எடுத்துவிடுவேன். "தொடைக்கு முன்பக்கம் குவாட்ரிசெப்ஸ்னு ஒரு தசை இருக்குதுங்க. குவாட்ரின்னா நாலு, செப்ஸ்னா தலை. நாலு தலைத் தசை. அது வலுவா இருந்தா முட்டிக்குப் பாரம் குறையும். படி ஏறினா அது வலுவாகும்."

ஒரு மத்தியான வேளையில் சின்ன வெங்காயம் அறுத்துக் கட்டுகிற ஒரு அம்மா, நாலைந்து படி ஏறியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் இந்தப் பாடத்தை முழுசாக ஒப்பித்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, பொறுமையாகக் கடைசி வரை கேட்டார். பிறகு மேலே எங்கள் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் படியெல்லாம் ஏறி வர முடிஞ்சவுங்களுக்கு என்னாத்துக்கும்மா நீங்க?"

உரித்து மாட்டிய ஆள்

என் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. தலை முதல் கால் வரை தோலே இல்லாத ஆள். சிவப்புச் சிவப்பாகத் தசை எல்லாம் தெரிய, கையை விரித்து நிற்பான். ஒவ்வொரு தசைக்கும் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் பேர் போட்டிருக்கும். காலையில் ஆள் வருவதற்கு முன் அவன் முன்னால் நின்றுகொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பேன். தோள் மேல் முக்கோணம், டெல்டாய்டு. கழுத்திலிருந்து நடுமுதுகு வரை சால்வை போர்த்தின மாதிரி, டிரப்பீசியஸ். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்குகிற கயிறு, ஸ்டெர்னோ கிளிடோ மாஸ்டாய்டு. இந்தக் கடைசிப் பேரை முதல் தடவை தப்பில்லாமல் சொன்ன அன்று எனக்கு நானே பேக்கரியிலிருந்து ஒரு பப்ஸ் வாங்கிக்கொண்டேன்.

வருகிறவர்களுக்கு அவனைப் பிடிக்காது. குழந்தைகள் முகத்தை மூடிக்கொள்ளும். கர்ப்பிணிகள் அவனுக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். ஒரு பெரியவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் என்னிடம் கேட்டார்.

"யாரு வூட்டுப் புள்ளம்மா இது, இப்புடி உரிச்சி மாட்டிப்புட்டீங்க?"

ரெண்டும் ஒண்ணா பொறந்துச்சா?

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. சுளுக்கோ இடுப்புப் பிடிப்போ வந்தால், ரெட்டைப் பிள்ளை பெற்றவள் அந்த இடத்தில் காலால் மெல்ல மிதித்துவிட்டால் போதும், பிடிப்பு விட்டுவிடும். அதனால் என் பிள்ளைகளைப் பற்றி நான் கிளினிக்கில் மூச்சு விடவில்லை. ஒருநாள் அரை நாள் லீவு என்று பள்ளி வேன் கவினையும் கயலையும் கீழே பேக்கரி முன்னாலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது, இரண்டும் மேலே ஏறி வந்துவிட்டன. ஒரே உயரம், ஒரே சட்டை, ஒரே மூக்கு. எறையூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி பெருமாள் அய்யா அப்போது கட்டிலில் இடுப்புக்கு மெஷின் வைத்துப் படுத்திருந்தார். லோடு ஏற்றின டிராக்டர் மாதிரி ஆள். தலையைத் தூக்கி, "ரெண்டும் ஒண்ணா பொறந்துச்சா?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்கய்யா."

பெருமாள் அய்யா இடுப்பில் ஒட்டியிருந்த ஒயர்களைத் தாமே பிய்த்துப் போட்டார். குப்புறப் படுத்தார். வேட்டியை ஒழுங்கு பண்ணிக்கொண்டு, "வா தாயி" என்றார். அவருக்குப் பின்னால் கழுத்து வலி, முட்டி வலி என்று எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். குதிகால் வலிக்காரர் ஒருவர் வரிசையில் தமக்கு இரண்டாவது இடம் என்று சொல்லிவைத்தார்.

உள்ளேயிருந்து மேடம் வந்தார். இவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததில்லை. "முதுகெலும்புங்கறது விளையாட்டு இல்ல. மலர், அந்தக் கால் யார் முதுகு மேலயாவது ஒரு தடவை பட்டுச்சுன்னா பொங்கல் வரைக்கும்லாம் இல்ல, அன்னிக்கே நீங்க கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டு, ஒயரை எடுத்துப் பழையபடி ஒட்டினார். பெருமாள் அய்யா ஒட்ட விட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒட்டுங்க டாக்டரம்மா, வேணாங்கல. ஆனா உங்க மிசினுக்கு கரண்டு வேணும். அந்தப் புள்ள காலுக்கு அதுவும் வேணாம்."

கைக்குள் ஒரு எலி

தசைகளுக்குப் பேர் வைத்தவர்கள் ஒன்றும் பெரிய பூச்சாண்டிகள் இல்லை என்று மேடம்தான் புரியவைத்தார். எங்கே இருக்கிறது, என்ன வடிவம், எத்தனை தலை, இவ்வளவுதான் பேர். மஸில் என்கிற வார்த்தையே லத்தீனில் சின்ன எலி என்ற சொல்லிலிருந்து வந்ததாம். கையை மடக்கினால் தோலுக்கு அடியில் எலி ஓடுகிற மாதிரி இருக்கிறது அல்லவா, அதனால்.

அன்று ராத்திரி சோறு ஊட்டும்போது பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். இரண்டும் கையை மடக்கி எலி தேட ஆரம்பித்தன. கயலுக்கு ஒரு சின்ன மேடு தெரிந்தது. கவினுக்கு என்ன முக்கியும் ஒன்றும் வரவில்லை. உதடு பிதுங்கிவிட்டது. நான் சமாதானம் சொல்வதற்குள் கயல் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"இவன் பாதிச் சோத்த தட்டுலயே வெச்சிடறாம்மா, எலி கோச்சிக்கிட்டு என் கைக்கு வந்துடுச்சு."

கறிக்கடை

படத்தில் தசை தட்டையாகத்தான் இருக்கிறது. எது மேலே, எது அடியில் என்று பிடிபடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கும்போது பளிச்சென்று தோன்றியது. எதிரில் ஆடு தலைகீழாகத் தொங்குகிறது. எல்லாம் அடுக்கடுக்காக இருக்கிறது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நெடுக ஓடுகிறதே, அது எரெக்டர் ஸ்பைனே, நிமிர்த்தி நிறுத்துகிற தசை. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சதுரமாக ஒரு துண்டு, குவாட்ரேட்டஸ் லம்போரம். உள்பக்கம் மெத்தென்று நீளமாக ஒட்டியிருப்பது சோவாஸ்.

"பாய், அந்த இடுப்பு ஓரம் இருக்கிறத தனியா எடுத்துக் காட்டுங்க. இல்ல, வெட்ட வேணாம், சும்மா காட்டுங்க. அதுக்கு அடியில என்ன இருக்கு? கொஞ்சம் தூக்குங்க" என்று நான் விரலை நீட்டி நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு என்று சொல்லியிருந்தேன், பாய் நல்ல மனுஷர். கத்தி நுனியால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு பேரை முணுமுணுத்தேன். பின்னால் வரிசை தெருமுனை வரைக்கும் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார்.

"தங்கச்சி, இன்ஷா அல்லா நீ பாஸாயிடுவ. இப்ப கறி வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லிடு."

முதுகில் சர்வே

ஆட்டுக்கு நாலு கால், மனிதனுக்கு இரண்டு என்பதால் கொஞ்சம் குழப்பம் மிச்சமிருந்தது. அதைத் தீர்க்க என் வீட்டுக்காரர் சரவணன் முதுகைக் கொடுத்தார். ஹார்டுவேர் கடையில் வேலை, படுத்த உடனே தூங்கிவிடுவார். குப்புறப் போட்டு, அவர் கடையிலிருந்தே கொண்டுவந்த மார்க்கரால் முதுகு முழுக்க வரைந்து தள்ளினேன். லாட்டிஸிமஸ் டார்சிக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி. டிரப்பீசியஸுக்குப் பட்டம் மாதிரி. தோள்பட்டை எலும்பு ஓரத்தில் குட்டிக் குட்டியாக நாலு. ஒவ்வொன்றுக்கும் நம்பர். குளித்தால் போய்விடும் என்று நினைத்தேன். அது இரும்புப் பைப்பில் எழுதுகிற மார்க்கர் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் அவர்கள் ஊர்க் கோயிலில் பால்குடம். ஆம்பளைகள் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு நின்றார்கள். இவரும் கழற்றினார். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறார், பின்னால் வருகிற கூட்டம் அருள் வந்த மாதிரி சிரித்துக் குலுங்குகிறது, ஏன் என்று இவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவருடைய சித்தப்பா பக்கத்தில் வந்து காதோடு கேட்டாராம்.

"ஏன்டா சரவணா, முதுக சர்வே பண்ணி பாகம் பிரிச்சுட்டாங்களா? யாருக்குடா எந்தப் பக்கம்?"

கிளட்ச் கால்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற டிரைவர் ஒருவர், இடது கெண்டைக்காலில் மட்டும் வலி என்று வந்தார். நாள் முழுக்க கிளட்சை மிதிக்கிற கால். மேடம் அவர் காலை நீட்டிவைத்து, என்னைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இது என்ன தசை?" நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "காஸ்ட்ரோ... காஸ்ட்ரா... காஸ்ட்ராக்னீமியஸ்." மேடம் தலையாட்டினார். தெம்பு வந்து, மிச்சத்தையும் கொட்டினேன். "கிரேக்கத்துல காலோட வயிறுன்னு அர்த்தம் மேடம். அதுக்கு அடியில சோலியஸ், அது ஒரு தட்டை மீன் பேர். நம்ம ஊர்லயும் கெண்டைன்னு மீன் பேர்தான்."

நான் பெருமையாக நின்றேன். டிரைவர் தன் காலைத் தானே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார். அந்தப் பேரை இரண்டு மூன்று முறை வாய்க்குள் உருட்டிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்.

"வாயில நுழையாத பேரா வெச்சிருந்தா, வலி எப்பிடிம்மா வெளிய வரும்?"

வீட்டுப் பயிற்சி

ரஞ்சன்குடியிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குத் தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியவில்லை. தினமும் சுவரில் விரலால் சிலந்தி ஏறுகிற மாதிரி கையை மேலே ஏற்ற வேண்டும், சுப்ராஸ்பைனேட்டஸ் என்கிற தசைக்கு அதுதான் மருந்து என்று மேடம் சொல்லி அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து வந்தார். கை இருந்த இடத்திலேயே இருந்தது. "பயிற்சி ஒழுங்கா பண்ணீங்களா?" என்று மேடம் கேட்டார். "ஒருநாள் கூட விடலம்மா" என்று சத்தியம் பண்ணினார். மேடம் குழம்பிப்போய், ஸ்கேன் எடுக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

கூட வந்த மருமகள் வாயே திறக்கவில்லை. எனக்கு என்னவோ தோன்றி, "அக்கா, அந்த மேல் தட்டுல இருக்கிற துண்ட கொஞ்சம் எடுங்களேன்" என்றேன். அந்தப் பெண் எட்டாத உயரத்திலிருந்து அநாயாசமாக எடுத்துக் கொடுத்தாள். மேடம் மெதுவாக மாமியார் பக்கம் திரும்பினார். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை.

"எனக்கு மாடு கன்னு பாக்கவே நேரம் பத்தல, அதான் அவள செய்யச் சொன்னேன். ஒரே வூடுதானேம்மா?"

விசில்

பஸ் கண்டக்டர் ஒருவருக்கு முகத்தில் ஒரு பக்கம் வாதம் வந்து வாய் கோணிவிட்டது. மனுஷருக்கு வாய் கோணினது கூடப் பெரிய கவலை இல்லை, விசில் ஊத முடியவில்லை என்பதுதான். காற்று ஒரு பக்கமாக ஓடிவிடும். கன்னத்தில் பக்சினேட்டர் என்று ஒரு தசை, அதற்கு அர்த்தமே எக்காளம் ஊதுகிறவன். அது தூங்கிவிட்டால் ஊதல் ஏது? கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கன்னத்தை உப்புவது, உறிஞ்சுவது, உதட்டைக் குவிப்பது என்று வாரக்கணக்கில் செய்தார். விசிலைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் ஊதிப் பார்ப்பார், புஸ்ஸென்று போகும், பேசாமல் பையில் போட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அவரைப் பார்க்காத மாதிரி இருப்போம்.

மார்கழி மாதம் ஒரு காலையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பீரென்று ஒரு விசில். ஒத்தடப் பையை நான் கீழே போட்டேன். மேடம் உள்ளேயிருந்து ஓடிவந்து கைதட்டினார். கண்டக்டர் கண் கலங்கி மறுபடி ஊதினார், மறுபடியும் ஊதினார். அப்போது மூலையில் கழுத்தை மேலே இழுத்துக் கட்டின டிராக்ஷனில் ஒரு தாத்தா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் திடுக்கிட்டு விழித்துத் துண்டைத் தேடினார்.

"யோவ் கண்டக்டரு, நிறுத்துய்யா! இந்தக் கயித்த அவுத்துவுடு, என் ஸ்டாப்பிங் போயிடப் போவுது!"

ஒரே ஒரு மிதி

பொங்கலுக்கு முந்தின வாரம். மறுநாள் எனக்குப் பரீட்சை என்று மேடம் சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸில் அரியலூர் போய்விட்டார். மேடம் கிளம்பும் முன்பே சிகிச்சை முடித்திருந்த பெருமாள் அய்யா, கரும்பு வெட்ட நாளைக்கு ஆள் வருகிற கதையை எல்லோருக்கும் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி மடக்கின கத்தி மாதிரி நிற்கிறார். முன்னால் செங்குத்தான படி. அவருடைய வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, டாக்டரம்மாதான் இல்லையே. ஒரே ஒரு மிதி மிதிச்சிவுடு. நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்." உள்ளே இருந்த எல்லோரும் ஒரே குரலில், "ஆமா, நாங்களும் சொல்ல மாட்டோம்" என்றார்கள். மிதித்தால் என் வேலை போகும். மிதிக்காமல் அவர் அப்படியே படியில் உருண்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மேடத்துக்கு வீடியோ கால் போட்டேன். எங்கள் கிளினிக்கில் ஜன்னல் கட்டையில்தான் சிக்னல் கிடைக்கும், போனை அங்கே சாய்த்து வைத்தேன். மேடம் பதறாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். கால் மரத்திருக்கா? விரலை அசைக்கிறாரா? வலி காலுக்கு இறங்குதா? ஒண்ணுக்குப் போறதுல சிரமம் உண்டா? எல்லாம் கேட்டுச் சொன்னேன், விரல் அசைகிறது, மற்றது ஒன்றும் இல்லை. பிறகு, "கை வெச்சுப் பாருங்க மலர்" என்றார். அதுவரை யாரையும் தொடக்கூடாது என்றிருந்தவர் அப்படிச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டேன். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. கறிக்கடையில் பாய் கத்தி நுனியால் தூக்கிக் காட்டிய அதே இடம். "இடது பக்கம் குவாட்ரேட்டஸ் லம்போரம், மேடம். எரெக்டர் ஸ்பைனேயும் கூடச் சேர்ந்து இறுகியிருக்கு." "ம். அது வேலை என்ன?" "இடுப்ப மேல தூக்கறது, பக்கவாட்டுல சாய்க்கறது." "இப்ப என்ன பண்ணணும்?" "மல்லாக்கப் படுக்கவெச்சு, காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சா இழுப்பு விடும். ஒத்தடம் குடுக்கலாம்." "பண்ணுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

அன்று வந்திருந்த கண்டக்டரும் லாரி டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள், மெல்ல இறக்கிப் பாயில் படுக்கவைத்தோம். என் வாசல் நாற்காலியை இழுத்துவந்து, அவருடைய கெண்டைக்கால் இரண்டையும் அதன் மேல் தூக்கி வைத்தேன். இடுப்புக்கு அடியில் ஒத்தடப் பை. பெருமாள் அய்யா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மிதி தாயி, எவ்ளோ வலிச்சாலும் பொறுத்துக்கறேன்" என்றார். "மொதல்ல மூச்ச முழுசா வெளிய வுடுங்கய்யா. இன்னும். இன்னும் நீளமா" என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கத்தில் நின்றேன். அவர் அரைக்கண் திறந்து என் வெறுங்காலைப் பார்ப்பார், மூச்சு விடுவார், மறுபடி பார்ப்பார். பை ஆறுகிற நேரத்துக்கு, விரல் வைத்துப் பார்த்தால் பலகை மறுபடி சதையாகியிருந்தது. மேடம் சொன்னபடி பக்கவாட்டில் திருப்பி, கையை ஊன்றி எழவைத்தோம். எழுந்தார். நின்றார். நேராக நின்றார். இடுப்பை இப்படி அப்படி ஆட்டிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அய்யா, நல்லா கேட்டுக்குங்க, நான் மிதிக்கவே இல்ல. மூச்சும் ஒத்தடமும்தான்" என்று போனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். பெருமாள் அய்யா என் காலைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நீ மிதிக்கலன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் காலு பக்கத்துல வந்து நின்னுச்சு பாரு, அதுக்கே பயந்து ஓடிருச்சு!"

பரீட்சை

மறுநாள் காலை பயந்துகொண்டே போனேன். வழியெல்லாம் ஸ்டெர்னோ கிளிடோ மாஸ்டாய்டு, ஸ்டெர்னோ கிளிடோ மாஸ்டாய்டு என்று சொல்லிக்கொண்டே போனதில், பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெண் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டாள். கிளினிக்கில் வாசலை ஒட்டி என் நாற்காலி இல்லை. எட்டிப் பார்த்தால், அது கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தது. அதன் மேல் ஒரு சின்ன பாக்கெட்.

"பரீட்சை எப்ப மேடம்?" என்றேன். "அதான் நேத்தே முடிஞ்சுதே, ஜன்னல் கட்டையிலிருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்" என்றார். அரியலூரில் கட்டிலில் படுத்திருந்த நோயாளி கூடப் பாதி கேட்டாராம். ஆனால் அதற்குள் கீழே பேக்கரி வரை ஆட்கள் நிற்கிறார்கள், பெருமாள் அய்யா ஊரெல்லாம் சொல்லியதில் எறையூரிலிருந்து மட்டும் ஒரு வேன் வந்திருக்கிறது, வலி இல்லாதவர்கள் கூட வந்து எட்டிப் பார்க்கிறார்கள். நான் அந்தப் பாக்கெட்டைப் பிரித்தேன். உள்ளே கருப்பு சாக்ஸ்.

"இனிமே கட்டிலுக்குப் பக்கத்துல நில்லுங்க மலர். ஆனா இத போட்டுக்கிட்டு நில்லுங்க, அந்தக் கால் யார் கண்ணுலயும் படக்கூடாது."

ஆக, இத்தனை லத்தீனையும் கிரேக்கத்தையும் தலைக்குள் ஏற்றி நான் தேறிவிட்டேன், வருகிறவர்கள் கும்பிடுவது மட்டும் இன்னமும் என் சாக்ஸைப் பார்த்துத்தான்.